வராத வேட்பாளர்

திரையிலிருந்து கோட்டைக்கு – 17

சென்ற வாரம் 1984 அக்டோபர் 5-ஆம் தேதி இரவில் நிறுத்தியிருந்தோம். ராமாவரம் தோட்டத்திலிருந்து சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள அப்போலோ மருத்துவமனைக்கு ஒரு நோயாளி கொண்டுவரப்பட்டார். தமிழ்நாட்டின் முதலமைச்சர். வயது 67.

அதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., அதே மாதம் 17-ஆம் தேதி அதிமுகவைத் தொடங்கினார். ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்களே அந்தக் கட்சியின் முதல் கிளைகளாக மாறின. 1977-இல் ஆட்சி. 1980 பிப்ரவரியில் ஆட்சிக் கலைப்பு. அந்த ஆண்டே மறுபடியும் வெற்றி. 1982-இல் சத்துணவுத் திட்டம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்சிக்கு ஒரே முகம். சுவரொட்டியிலும் மேடையிலும் திரையிலும் அதே முகம். அந்த முகத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அப்படி யோசிப்பதே துரோகம் என்று கருதப்பட்ட கட்சி அது.

அக்டோபர் 5 இரவு, யோசிக்காமல் விட்ட அந்தக் கேள்வி கட்சியின் முன்னால் வந்து நின்றது.

*

கதவுக்கு வெளியே

அப்போலோ மருத்துவமனை தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகக் கோளாறு. சில நாட்களில் பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. பேச்சு பாதிக்கப்பட்டது.

மூத்த அமைச்சர் நெடுஞ்செழியன் நிர்வாகப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த ஹண்டே, தாமே மருத்துவர். முதல்வரின் உடல்நிலை பற்றி அரசுத் தரப்பிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. ஆனால் வெளியே நின்ற கூட்டத்துக்கு வேண்டியது மருத்துவ அறிக்கை இல்லை. தலைவரை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அது நடக்கவில்லை. நடக்காததால் வதந்தி பிறந்தது. 'வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்' என்று ஒரு பேச்சு. 'போய்விட்டார், மறைக்கிறார்கள்' என்று இன்னொரு பேச்சு. இரண்டுமே ஒரே டீக்கடையில், ஒரே நேரத்தில் உலவின.

உள்ளே வேறொரு போராட்டம். அந்த அறைக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது? கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர் ஜெயலலிதா. அந்த ஆண்டுதான் மாநிலங்களவைக்குப் போயிருந்தார். அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கட்சியின் மூத்தவர்கள் பலருக்கு அவர் மீது ஏற்கெனவே ஆத்திரம் இருந்தது. தலைவர் நடமாடிய வரை அதை வெளியே காட்ட முடியவில்லை. இப்போது முடிந்தது.

இந்த அத்தியாயத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஒரு மனிதரை மட்டுமே நம்பிய கட்சியில், அந்த மனிதர் படுத்துவிட்டால் அதிகாரம் எங்கே போகும்? பொதுக்குழுவுக்குப் போகவில்லை. சட்டமன்றக் கட்சிக்குப் போகவில்லை. அவர் படுத்திருக்கும் அறையின் கதவுக்குப் போனது.

*

கோயிலுக்கு வந்த சினிமாப் பாட்டு

1968-இல் வந்த 'ஒளிவிளக்கு' எம்.ஜி.ஆரின் நூறாவது படம். உயிருக்குப் போராடும் நாயகனுக்காக சௌகார் ஜானகி இறைவனிடம் மன்றாடும் பாட்டு ஒன்று அதில் உண்டு. எழுதியவர் வாலி, பாடியவர் பி.சுசீலா.

பதினாறு ஆண்டு கழித்து அந்தப் பாட்டு திரையை விட்டு இறங்கியது. தியேட்டர்களில் படம் தொடங்கும் முன் அதைப் போட்டார்கள். கூட்டு வழிபாடுகளில் ஒலிபெருக்கி கட்டி ஒலிக்க விட்டார்கள். பெண்கள் கண்ணீரோடு கைகூப்பினார்கள். கோயிலில் அர்ச்சனை, பள்ளிவாசலில் துவா, தேவாலயத்தில் ஜெபம். திராவிட இயக்கத்திலிருந்து கிளைத்த ஒரு கட்சியின் தலைவருக்காக மாநிலமே சாமி கும்பிட்டது.

எதிர் அணியில் இருந்த கருணாநிதியும் தம் நாற்பதாண்டு கால நண்பர் நலம் பெற வேண்டும் என்று எழுதினார்.

இதுவரை மனிதர்களுக்கு இயல்பான அன்பு. இதற்கு மேல் போனதுதான் கொடுமை.

சிலர் விரலை வெட்டிக் காணிக்கையாக்கினார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 'என் உயிரை எடுத்துக்கொள், அவரை விட்டுவிடு' என்ற வேண்டுதல் பேச்சோடு நிற்கவில்லை. எம்.ஜி.ஆரின் அரசியல் பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியன் தம் நூலில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். மூன்று ஆண்டு கழித்து, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது துயரம் தாளாமல் உயிர் விட்டவர்கள் 31 பேர் என்பதும் அவர் தரும் கணக்கு.

போனவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்கள் வீடுகளிலும் குழந்தைகள் இருந்தார்கள். தலைவர் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்று தங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள்.

'வேண்டாம், நிறுத்துங்கள்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். அந்த ஒருவரால் அப்போது பேச முடியவில்லை. மற்றவர்கள் சொன்னால் கேட்கும் பழக்கத்தை அந்தக் கட்சி யாருக்கும் கற்றுத் தரவில்லை.

*

ஹைதராபாத் தந்த எச்சரிக்கை

கட்சிக்காரர்களின் பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது.

ஆந்திர முதல்வர் என்.டி.ராமராவும் திரையிலிருந்து கோட்டைக்குப் போனவர்தான். 1984-இல் இதய அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். திரும்பி வந்த சில நாட்களில், ஆகஸ்ட் 16 அன்று, ஆளுநர் ராம்லால் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அவருடைய அமைச்சரவையில் இருந்த நாதெண்ட்லா பாஸ்கர ராவே முதல்வர் ஆனார். தில்லியின் ஆசி அதற்கு இருந்தது. ராமராவ் தம் ஆதரவு எம்.எல்.ஏ.க்களைத் திரட்டி, தெருவில் இறங்கிப் போராடி, செப்டம்பர் 16 அன்று நாற்காலியை மீட்டார்.

இது நடந்து முடிந்து மூன்று வாரத்தில் எம்.ஜி.ஆர். அப்போலோவில். தலைவர் சிகிச்சைக்காகக் கடல் தாண்டினால் நாற்காலி என்ன ஆகும் என்பதற்குப் புத்தம் புதிய உதாரணம் கண்ணெதிரே இருந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். ராமராவுக்கு தில்லி எதிரி. எம்.ஜி.ஆருக்கு அப்போது தில்லி நட்பு. அக்டோபர் நடுவில் பிரதமர் இந்திரா காந்தியே அப்போலோவுக்கு வந்து அவரைப் பார்த்தார்.

அடுத்த இரண்டே வாரத்தில், அக்டோபர் 31 அன்று காலை, இந்திரா தம் மெய்க்காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்க்க வந்தவர் போய்விட்டார். படுத்திருந்தவர் பிழைத்திருந்தார்.

நவம்பர் 5. மருத்துவ வசதிகள் பொருத்திய தனி விமானம் சென்னையிலிருந்து புறப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி, டவுன்ஸ்டேட் மருத்துவ மையம். சிறுநீரக மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர் ஃப்ரீட்மேன் அங்கே இருந்தார்.

*

அந்த ஒரு முடிவு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1980 ஜூனில் அமைந்த சட்டமன்றம் அது. 1985 நடுப்பகுதி வரை ஆயுள் இருந்தது. முதல்வர் அயல்நாட்டில், பேச முடியாத நிலையில். இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் ஆளுங்கட்சி என்ன செய்யும்? ஆட்சிக் காலத்தின் மிச்சத்தை ஓட்டும். தலைவர் தேறி வரட்டும் என்று காத்திருக்கும். இல்லையென்றால் இடைக்கால முதல்வரைத் தேர்ந்தெடுக்கும்.

அதிமுக இரண்டையும் செய்யவில்லை. சட்டமன்றத்தை முன்கூட்டியே கலைத்துவிட்டு, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து டிசம்பரிலேயே தேர்தலைச் சந்திக்க முடிவு செய்தது.

ஏன்?

முதல் காரணம், அனுதாபம். ராஜீவ் காந்தி தாயை இழந்த மகனாக நாடு முழுக்கச் சுற்றத் தயாராகிக்கொண்டிருந்தார். இங்கே எம்.ஜி.ஆர். நோய்ப்படுக்கையில். இரண்டு அனுதாபமும் ஒரே நாளில் ஒரே வரிசையில் நிற்கும் வாக்காளரிடம் போய்ச் சேர்ந்தால்? காங்கிரசும் அதிமுகவும் கூட்டணி சேர்ந்தன. மக்களவையில் பெரும்பங்கு காங்கிரசுக்கு, சட்டமன்றத்தில் பெரும்பங்கு அதிமுகவுக்கு.

இரண்டாம் காரணத்தை யாரும் வெளியே சொல்லவில்லை. 1985 நடுப்பகுதி வரை காத்திருந்தால், அப்போது சுவரொட்டியில் போட அந்த முகம் இருக்குமா?

மூன்றாவதுதான் ஆழமானது. அவரை விட்டால் முன்னிறுத்த ஆள் இல்லை. நெடுஞ்செழியன் அண்ணா காலத்துத் தலைவர். 'நாவலர்' என்று பெயர் வாங்கியவர். தனிக்கட்சி தொடங்கி, அதை அதிமுகவோடு இணைத்தவர். பதவிக்கு மூத்தவர்தான், ஆனால் அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது. சத்யா மூவிஸ் ஆர்.எம்.வீரப்பன் மன்றங்களையும் கட்சியையும் உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர். திரைக்குப் பின்னால் இருந்து பழகியவர், திரையில் தெரிபவர் இல்லை. ஜெயலலிதாவைப் பார்க்கக் கூட்டம் வந்தது; கட்சியின் மேல்மட்டம் அவரை ஏற்கத் தயாராக இல்லை.

மூவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. மூவருக்கும் பொதுவாக இருந்தது எம்.ஜி.ஆரின் படம் மட்டுமே. அந்தப் படத்தையே நிறுத்தி வைத்துத் தேர்தலுக்குப் போனார்கள்.

*

ஆண்டிபட்டி

அன்றைய மதுரை மாவட்டத்தில், வைகை அணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ஆண்டிபட்டி. நெசவும் மானாவாரி விவசாயமுமாகப் பிழைக்கும் பகுதி. 1977-இல் அருப்புக்கோட்டையிலும் 1980-இல் மதுரை மேற்கிலும் வென்ற எம்.ஜி.ஆர்., இந்த முறை ஆண்டிபட்டி வேட்பாளர்.

வேட்புமனுவில் புரூக்ளின் மருத்துவமனையிலேயே கையெழுத்து வாங்கப்பட்டது.

வேட்பாளர் தொகுதிக்கு வரவில்லை. மாநிலத்துக்கே வரவில்லை. ஒரு கூட்டம் பேசவில்லை, ஒரு அறிக்கை படிக்கவில்லை. டிசம்பர் 19 அன்று அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் தந்தவர் அண்ணன் மகள். வாக்குப்பதிவுக்கு அப்போது ஐந்தே நாள் பாக்கி.

வாக்காளர் முன் வைக்கப்பட்டது, உண்மையில், ஒரு மருத்துவ அறிக்கை. 'தலைவர் தேறிவிட்டாரா?' இதுதான் அந்தத் தேர்தலின் ஒரே கேள்வி.

*

சுவரொட்டியும் கேசட்டும்

இந்தத் தொடரின் பழைய வாசகர்களுக்கு 1967 ஜனவரி 12 நினைவிருக்கும். ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. அப்போதும் தேர்தல் நேரம். அப்போதும் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே வேட்பாளர். கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் பெரிய வித்தியாசத்தில் வென்றார். திமுகவும் முதல் முறையாக ஆட்சியைப் பிடித்தது.

காயம்பட்ட நாயகன் ஓட்டு வாங்குவான் என்ற பாடத்தை அன்று கற்றவர்கள் 1984-இலும் களத்தில் இருந்தார்கள்.

இப்போது கையில் சுவரொட்டியை விட வலிய கருவி. வீடியோ. ஊருக்கு ஊர் 'டெக்' வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். புரூக்ளினில் எம்.ஜி.ஆரைப் படம் பிடித்தார்கள். அவர் சாப்பிடுகிறார். செய்தித்தாளைப் பார்க்கிறார். சிரிக்கிறார். பிரச்சாரத்தைக் கையில் எடுத்திருந்த ஆர்.எம்.வீரப்பன், அந்தக் காட்சிகளோடு இந்திரா காந்தியின் மரணத்தையும் இணைத்துத் தொகுக்கச் செய்தார். கேசட்டுகள் மாநிலம் முழுக்கப் பறந்தன. தியேட்டர்களில் ஓட்டினார்கள். தெருமுனையில் ஓட்டினார்கள்.

'செத்துப்போனார்' என்ற வதந்திக்கு அதைவிடச் சிறந்த மறுப்பு கிடையாது. அதில் பொய் எதுவும் இல்லை. எம்.ஜி.ஆர். உயிரோடுதான் இருந்தார், தேறித்தான் வந்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சாப்பிடுவதை மக்கள் பார்த்தார்கள். பேசுவதைக் கேட்கவில்லை. ஒரு முதலமைச்சர் கோப்பைப் படித்து, எதிர்க்கட்சிக்குப் பதில் சொல்லி, அதிகாரிக்கு உத்தரவிட முடியுமா என்பதை அந்தக் கேசட் காட்டவில்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ரசிகருக்குத் தரிசனம் போதும்.

எந்தக் காட்சி இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தவர் படத்தில் இருந்தவர் இல்லை. அப்போலோவில் கதவுக்குப் போன அதிகாரம், இப்போது கேசட்டைத் தொகுத்த மேசைக்கு வந்திருந்தது.

*

கருணாநிதியின் இக்கட்டு

எதிர் அணியின் நிலைமையைப் பாருங்கள். பேச முடியாத எதிராளியோடு எப்படி மோதுவது? 'அவரால் ஆள முடியாது' என்று சொன்னால், நோயாளியைத் தாக்கும் கல்நெஞ்சர் என்ற பெயர் வரும். சொல்லாமல் விட்டால் பேச வேறு விஷயம் இல்லை.

இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983-இல் சட்டமன்றப் பதவியை உதறியிருந்த கருணாநிதி, இந்தத் தேர்தலில் தாமே போட்டியிடவில்லை. பிரச்சாரத்தில் அவர் எடுத்த நிலை வியப்பானது. எங்களுக்கு வாக்களியுங்கள், எம்.ஜி.ஆர். நலமாகத் திரும்பி வந்தால் ஆட்சியை அவரிடமே ஒப்படைக்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

தந்திரம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். தோல்வியை ஒப்புக்கொண்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் ஒன்று நிச்சயம். எதிர்க்கட்சித் தலைவரே ஆளுங்கட்சித் தலைவரின் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

இதனால் மேடையேறாமல் போன விஷயங்கள் ஏராளம்.

குடிக்கு எதிராகத் திரையில் பேசியவரின் ஆட்சியில், 1981-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளும் சாராயமும் கடைக்கு வந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1982-இல் குண்டர் தடுப்புச் சட்டம் வந்தது; விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வழி செய்த சட்டம். எழுபதுகளில், கட்சிக் கொடியை உடம்பில் பச்சை குத்திக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் கட்சியில் நீடிக்க முடியவில்லை. வருவாய்த் துறை அமைச்சராக இருந்த எஸ்.டி.சோமசுந்தரம், சொந்த ஆட்சியிலேயே ஊழல் என்று பேசி 1984-இல் வெளியேற்றப்பட்டார். 'நமது கழகம்' என்று தனிக்கட்சி கண்டார்.

சாதாரணத் தேர்தலாக இருந்திருந்தால் சோமசுந்தரம் கிளப்பிய புகார்களே பெரும்பேச்சாக இருந்திருக்கும். உயிருக்குப் போராடும் தலைவரை நிறுத்திய தேர்தலில் அவர் பேச்சு எடுபடவில்லை. அவர் சொன்னது சரியா தவறா என்று யாரும் விவாதிக்கக்கூட இல்லை. இந்த நேரத்தில் பேசலாமா என்பதோடு முடிந்தது.

*

ரசிகர்கள் ஏமாளிகளா?

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

1984 முடிவைப் பார்த்து, தமிழர்கள் சினிமா மயக்கத்தில் ஓட்டுப் போட்டார்கள் என்று வடநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. இங்குள்ள படித்தவர்கள் சிலரும் அதையே சொன்னார்கள். கதை அவ்வளவு எளிதில்லை.

1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் இதே மக்கள்தான் எம்.ஜி.ஆர். அணியை 39-இல் 37 இடங்களில் தோற்கடித்தார்கள். அப்போதும் அதே முகம்தான், அதே மன்றங்கள்தான். ஐந்து மாதத்தில், ஆட்சிக் கலைப்பு அநியாயம் என்று கருதி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எதற்கு அடிக்க வேண்டும், எதற்கு அணைக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.

சத்துணவு சாப்பிடும் பிள்ளையைப் பெற்ற தாய் எம்.ஜி.ஆருக்குப் போட்ட ஓட்டில் நன்றி இருந்தது. இந்திரா மறைவின் துயரம் இருந்தது. வலுவான கூட்டணிக் கணக்கும் இருந்தது. எல்லாவற்றையும் ரசிக வெறி என்று தள்ளிவிட முடியாது.

அப்படியென்றால் ஆபத்து எங்கே?

ரசிகரின் அன்பு தலைவருக்குப் போகிறது. அந்த அன்பால் உண்டாகும் அதிகாரம், தலைவர் தளர்ந்த அன்று, அவரைச் சுற்றி நிற்பவர்களுக்குப் போகிறது. ஓட்டுப் போட்டவர் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவர்களிடம் கணக்குக் கேட்கவும் அவருக்கு வழியில்லை. கேட்டால் 'தலைவர் சொன்னார்' என்ற ஒரு சொல்லில் வாயடைத்துவிடலாம். தலைவர் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள, தலைவரைப் பார்க்க வேண்டும். பார்க்கவோ, கதவு அவர்கள் கையில்.

எம்.ஜி.ஆருக்கே இது நன்மை செய்ததா என்பதும் சந்தேகம்தான். பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் கண்ட 67 வயது மனிதருக்கு ஓய்வு தேவை என்று வீட்டில் ஒருவர் சொல்லலாம். கட்சியில் யார் சொல்வது? சொன்னால் நாற்காலிக்கு ஆசைப்படுகிறான் என்பார்கள். அவர் ஓய்வெடுத்தால் மற்றவர்களின் பிழைப்பு என்ன ஆவது? தலைவரைத் தெய்வமாக்கிய கட்சி, அவருக்கு நோயாளியாக இருக்கும் உரிமையைக்கூட விட்டுவைக்கவில்லை.

*

முடிவு

1984 டிசம்பர் 24. வாக்குப்பதிவு.

எண்ணி முடித்தபோது அதிமுகவுக்கு 132 இடங்கள். கூட்டாளியான காங்கிரசுக்கு 61. திமுகவுக்கு 24. மக்களவைத் தொகுதிகள் 39-இல் 37 அந்தக் கூட்டணிக்கே. எட்டிப் பார்க்காத ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர். 30,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஊரெங்கும் வெடி. மன்றங்களில் லட்டு. ஒலிபெருக்கியில் பழைய பாட்டுகள். மூன்றாம் முறையாக முதல்வராகப் போகிறவரோ பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்ற மருத்துவர்களின் கண்காணிப்பில்.

டிசம்பர் போனது. ஜனவரி முழுதும் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் வரவில்லை. கோட்டையில் நெடுஞ்செழியன் பொறுப்பில் கோப்புகள் நகர்ந்தன. கட்சிக்குள் ஒவ்வொருவரும் அடுத்தவர் யாரிடம் பேசுகிறார், யார் புரூக்ளினுக்குப் போய் வந்தார் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தேதி வந்தது. 1985 பிப்ரவரி 4. எம்.ஜி.ஆர். சென்னை திரும்புகிறார்.

கேசட்டில் அவர் சிரித்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் அரசமைப்புச் சட்டத்துக்குச் சிரிப்பு போதாது. பதவி ஏற்கும் முன் ஆளுநர் முன்னிலையில் இரண்டு உறுதிமொழிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று பதவிக்கு, இன்னொன்று ரகசியக் காப்புக்கு. வேட்புமனுவை அனுப்பி வைத்ததுபோல் அதை அனுப்பி வைக்க முடியாது. கேசட்டில் தொகுத்துக் காட்டவும் முடியாது. அவரே நின்று, அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

ஆளுநர் குரானா காத்திருந்தார். கருணாநிதி காத்திருந்தார். நெடுஞ்செழியன், வீரப்பன், ஜெயலலிதா மூவரும், ஆளுக்கொரு காரணத்தோடு, காத்திருந்தார்கள்.

அவரால் அந்த வாக்கியங்களைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாமல் போனால், 132 பேர் ஜெயித்த அந்த வெற்றி யாருடையது?

(தொடரும்)